அப்பாவோட காருக்கு எங்க இடம்? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் சீனியர் சிட்டிசன் அபார்ட்மென்ட் பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல வீட்ட பத்தியே இல்லீங்க, எல்லாம் கார பத்தி தான். கார கொண்டு போலாமா, விக்கலாமா, எங்க நிறுத்துறது, யார் ஓட்டுறதுன்னு. நான் 30 வருஷம் பில்டிங் பிளான் போட்ட ஆளு, இப்ப 72 வயசுல கோயம்புத்தூர்லயே ஒரு சீனியர் அபார்ட்மென்ட்ல தான் குடியிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். அதான் இந்த தடவ முழுசும் கார் தான்.

கேள்வி (வாசகி, வடவள்ளி): எனக்கு 69, வீட்டுக்காரருக்கு 75. துடியலூர் பக்கம் சீனியர் சிட்டிசன் அபார்ட்மென்ட்ல ஒரு டபுள் பெட்ரூம் பாத்திருக்கோம். கவர்டு பார்க்கிங் வேணும்னா தனியா மூணரை லட்சம் கேக்கறாங்க, ஓப்பன்ல வேணும்னா ஒரு லட்சமாம். மாசத்துக்கு ஆறு தடவ தான் கார எடுப்போம். போன வருஷம் 3,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, பெட்ரோல் 20,000, இன்சூரன்ஸ் 12,000, சர்வீஸ் 9,000. கார் வேணுமா வேண்டாமா?

அம்மா, கணக்க நீங்களே அனுப்பிட்டீங்க, நான் கூட்டி மட்டும் காட்டறேன். 41,000 ரூபா, வருஷத்துக்கு 72 தடவ வெளிய போறீங்க, ஒரு தடவைக்கு 570 ரூபா ஆகுது. டயர், பேட்டரி மாத்துறது, வண்டி விலை குறையறது எதுவும் இதுல சேரல. மூணரை லட்சத்த பேங்க்ல 7 பர்சென்ட்ல போட்டா வருஷம் 24,500 வரும், அதையும் சேத்தா ஒரு தடவைக்கு 900 ரூபாய தாண்டிடுது. துடியலூர்ல இருந்து ஆர்.எஸ்.புரம் போய்ட்டு வர கால் டாக்ஸிக்கு எவ்வளவு கேக்கறான்னு ஒரு வாரம் போன்ல பாத்து எழுதி வைங்க, உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஆனா பணத்த மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குச்சுன்னா யார் கார ஓட்டப்போறான்னு முதல்ல உக்காந்து பேசுங்க. 75 வயசுல அவருக்கே முடியலன்னா அவரே ஓட்ட முடியாது, நீங்க ஓட்டுவீங்களான்னு லெட்டர்ல எழுதல. ஓட்ட மாட்டீங்கன்னா அவசரத்துக்கு கார் இருக்குன்னு நினைக்கறது ஒரு தைரியம் தானே ஒழிய வேற ஒண்ணும் இல்ல, அந்த நேரத்துக்கு 108 தான், இல்ல அபார்ட்மென்ட்லயே ராத்திரி வண்டியும் டிரைவரும் இருக்கான்னு கேட்டு வாங்கிக்கணும். வீடு வாங்கும்போது ஜிம் இருக்கா நீச்சல் குளம் இருக்கான்னு கேக்கறோம், ராத்திரி டிரைவர் இருக்கானான்னு யாரும் கேக்கறதில்ல.

இப்ப அந்த ஒரு லட்சம் ஓப்பன் பார்க்கிங் விஷயம். 2016ல வந்த ரெரா சட்டத்துல, அதாவது வீடு கட்டி விக்கற பில்டருங்களுக்கான சட்டத்துல, ஓப்பன் பார்க்கிங் ஏரியா பொது இடம்னு தெளிவா போட்டிருக்கு, அத தனித்தனியா விக்க பில்டருக்கு உரிமை கிடையாது. கராஜ்னா மேல கூரை, மூணு பக்கம் சுவர் இருக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது, ஓப்பன் பார்க்கிங் அதுல வராது. அதுக்கு முன்னாடியே 2010ல சுப்ரீம் கோர்ட் ஒரு மும்பை வழக்குல, தூண் மேல கட்டடம் நிக்குற ஸ்டில்ட் பார்க்கிங்க ஃபிளாட் மாதிரி தனியா விக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு, அது மகாராஷ்டிரா சட்டத்த வெச்சு சொன்னது, ஆனா நாடு முழுக்க இத தான் காட்டி பேசறாங்க. அதனால நீங்க செய்ய வேண்டியது, அப்ரூவ்டு பிளான வாங்கி அந்த ஸ்லாட் பிளான்ல நம்பரோட இருக்கான்னு பாருங்க, எதுக்காக பணம் வாங்கறாங்கன்னு அக்ரிமென்ட்ல எழுத சொல்லுங்க. "அதெல்லாம் வாய்ப்பேச்சு போதுங்க"ன்னு சொன்னா பணம் கட்டாதீங்க.

ஒருவேள வித்துட்டீங்கன்னா ரெண்டு விஷயம். இன்சூரன்ஸ்ல நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி இருந்தா அதுக்கு ஒரு சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிக்கங்க, 3 வருஷத்துக்குள்ள வேற கார் வாங்கினா உதவும். ரெண்டாவது ரொம்ப முக்கியம், ஆர்சி புக்ல பேர் மாறுற வரைக்கும் விடாதீங்க. வாங்கினவன் பேர் மாத்தாம ஓட்டி ஆக்சிடென்ட் பண்ணா, ஆர்சியில யார் பேர் இருக்கோ அவங்க தான் ஓனர், நஷ்டஈடும் அவங்க பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. பேர் மாத்தற ஃபார்ம் 29, ஃபார்ம் 30ல கையெழுத்து போட்டு கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைக்கறாங்க, முடியல.

கேள்வி (வாசகர், பெங்களூரு): அப்பாவுக்கு 79. சீனியர் வில்லாவுல அம்மாவோட இருக்கார். ஆறு மாசத்துல ரெண்டு தடவ தூண்ல இடிச்சுட்டார், ஒரு தடவ செக்யூரிட்டி பூத் பக்கத்துல பிரேக்குக்கு பதிலா ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டாராம். சாவிய ஒளிச்சு வெச்சேன், ரெண்டு நாள் சாப்பிடல. எப்படி சொல்றது?

தம்பி, முதல்ல சாவிய திருப்பி கொடுத்துடுங்க. கோவப்படாதீங்க, காரணம் சொல்றேன்.

உங்கப்பா வயசு ஆளுங்க எப்ப கார் வாங்கினாங்கன்னு யோசிச்சு பாருங்க. மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல, அப்ப அவருக்கு முப்பத்தஞ்சு முப்பத்தெட்டு வயசு இருந்திருக்கும். முன்பணம் கட்டி புக் பண்ணிட்டு எப்ப நம்ம நம்பர் வரும்னு காத்துட்டு இருந்த காலம் அது, பரம்பரையில யாருமே கார் வெச்சிருக்காத குடும்பத்துல முதல் காரு. உங்கள ஸ்கூல்ல கொண்டு விட்டது, உங்க பாட்டிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனது, பழனிக்கு குடும்பத்தோட போனது எல்லாம் அவர் கையில இருந்த ஸ்டீரிங்ல தான். வேலை போச்சு, சொந்த வீட்ட வித்து வில்லாவுக்கு வந்தாச்சு, சமையல் மெஸ்ல இருந்து வருது. யாரையும் கேக்காம அவர் செய்யற கடைசி காரியம் கார எடுத்துட்டு போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வர்றது தான். அத ஒளிச்சு வெச்சா எப்படி சாப்பிடுவார்?

ஆனா பிரேக்குக்கு பதிலா ஆக்ஸிலேட்டர மிதிச்சது சாதாரண விஷயமும் இல்ல, அத நான் ஒரு நிமிஷம் கூட லேசா சொல்ல மாட்டேன். அந்த வில்லாவுல வாக்கர் வெச்சு நடக்கறவங்க எத்தன பேர் இருப்பாங்க. அதனால டாக்டர பாக்கற வரைக்கும் ஓட்ட வேண்டாம்னு அவர்கிட்டயே நேரா கேட்டுக்கங்க, சாவி அவர்கிட்டயே இருக்கட்டும், வாக்க அவர் கொடுக்கட்டும். சாவிய புடுங்கறதும் அவரே வாக்கு கொடுக்கறதும் ஒண்ணு இல்ல.

அந்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, கேட்ராக்டான்னு மட்டும் இல்ல, கிளௌகோமா இருக்கான்னும் பாக்க சொல்லுங்க, அதுல பக்கவாட்டு பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும், நேரா பாக்கறது நல்லா இருக்கறதால அவங்களுக்கே தெரியாது, தூண்ல இடிக்கறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். கழுத்து எவ்வளவு திரும்புதுன்னு பாருங்க. சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை என்னென்ன சாப்பிடறார்னு லிஸ்ட் எடுத்து அவரோட ஜெனரல் டாக்டர்கிட்ட காட்டுங்க, சர்க்கரை திடீர்னு எறங்கினா கால் எந்த பெடல்ல இருக்குன்னே தெரியாது. பாதத்துல மரத்துப்போச்சான்னும் கேளுங்க, ரொம்ப நாள் சுகர் இருக்கறவங்களுக்கு அது வரும்.

லைசென்ஸ் ஃபார்ம்லயே ஒரு கேள்வி இருக்கு, நல்ல வெளிச்சத்துல 25 மீட்டர் தூரத்துல இருக்குற கார் நம்பர் பிளேட் தெரியுதான்னு. இத வீட்டு வாசல்லயே வெச்சு பாக்கலாம், நீங்களும் அவரோட சேந்து நில்லுங்க, பரீட்சை மாதிரி இல்லாம. எங்க காம்பவுண்ட்ல நாங்க எட்டு பேர் இப்படி நின்னு பாத்தோம், அதுல மூணு பேரால படிக்க முடியல, அந்த மூணு பேரும் யார் சொல்லாமலும் மறுநாள்ல இருந்து வண்டிய எடுக்கறத நிறுத்திட்டாங்க. டாக்டர் சொன்னா கேப்பாங்க, கண்ணு சொன்னா கேப்பாங்க, மகன் சொன்னா கேக்க மாட்டாங்க.

ஓட்ட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டா கார விக்க அவசரப்படாதீங்க. கார் அவரோடதாவே இருக்கட்டும், ஆக்டிங் டிரைவர் ஒருத்தர ஏற்பாடு பண்ணுங்க, வாரத்துல ரெண்டு நாள், நாள் நேரம் ரெண்டும் ஃபிக்ஸ் பண்ணி. செவ்வாயும் வெள்ளியும் வண்டி நிக்கும், எங்க போறதுன்னு அவர் முடிவு பண்ணட்டும், முன் சீட்ல உக்காந்து வழி சொல்லட்டும். ஜப்பான்ல 1998ல இருந்தே வயசானவங்க தாங்களா லைசென்ஸ திருப்பி கொடுக்கறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, நிறைய ஊர்ல அதுக்கு பதிலா பஸ்லயும் டாக்ஸியிலயும் சலுகை தர்றாங்க. நம்ம ஊர்ல அந்த பதில வீட்டு ஆளுங்க தான் தரணும்.

கேள்வி (அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி, கோயம்புத்தூர்): எங்கள்து 96 வீடு, 70 ஸ்லாட், 58 கார். அதுல இருபதுக்கு மேல அசையறதே இல்ல, கவர் போட்டு தூசி புடிச்சு நிக்குது. ஆனா ஞாயித்துக்கிழமை பசங்க வந்தா நிறுத்த இடம் இல்லாம ரோட்ல நிறுத்தி பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்டை. போன ஜெனரல் பாடி மீட்டிங்ல கை கலப்பு ஆகாத குறை. இன்னும் பார்க்கிங் கட்டணுமா?

கட்ட வேண்டாங்க. உங்களுக்கு இடம் பத்தாம இல்ல, இடம் தப்பான வண்டிக்கு போயிருக்கு.

பிளான் பாஸ் பண்றப்ப எத்தன கார் நிறுத்த இடம் விடணும்னு வீட்டோட பரப்பளவ வெச்சு தான் கணக்கு போடறாங்க, உள்ள இருக்கறவங்களுக்கு முப்பத்தஞ்சு வயசா எண்பதான்னு அந்த கணக்குக்கு தெரியாது. நானே வருஷக்கணக்கா அப்படி தான் போட்டேன். சாதாரண அபார்ட்மென்ட்ல காலையில எட்டு மணிக்கு கார் எல்லாம் வெளிய போயிடும், ராத்திரி திரும்ப வரும், அதனால ராத்திரி பத்து மணிக்கு எண்ணினா போதும். சீனியர் அபார்ட்மென்ட்ல குடியிருக்கறவங்க வண்டி நாள் பூரா உள்ளயே நிக்கும், அதுக்கு மேல வெளிய இருந்து வர்ற வண்டி. அட்டெண்டர், சமையல் அம்மா, நர்ஸ், பிசியோதெரபி பண்றவங்க, ரத்தம் எடுக்க வர்ற லேப் பையன், மருந்து டெலிவரி, இவங்க எல்லாம் டூ வீலர்ல வருவாங்க, காலையில எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரே கூட்டம். இதுக்கு ஒரு பிளான்லயும் சரியா இடம் விட்டு நான் பாத்ததில்ல.

அதனால முதல்ல ஒரு வாரம் எண்ணுங்க. செவ்வாய் காலை பத்து மணி, ஞாயிறு பதினொண்ணு, ஏதோ ஒரு நாள் ராத்திரி பத்து. ஒவ்வொரு கார் டயர்லயும் தரையிலயும் சேத்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுருங்க, சம்மதம் கேட்டுட்டு தான், வாரக்கடைசியில கோடு நேரா இருந்தா வண்டி அசையலன்னு அர்த்தம். எங்க காம்பவுண்ட்ல இத பண்ணப்ப நாப்பத்தி சொச்சம் கார்ல பத்துக்கு மேல கோடு அப்படியே இருந்துச்சு, அதுல பாதி லிஃப்டுக்கு நேர் எதிர்ல, வாசல் பக்கத்துல. அடிக்கடி டயாலிசிஸ்கோ டாக்டர்கிட்டயோ போறவங்க வண்டி கடைசி வரிசையில. மனசு கஷ்டமா போச்சு.

அக்ரிமென்ட்ல நம்பர் போட்டு ஒதுக்கின ஸ்லாட்ட நீங்க மீட்டிங்ல தீர்மானம் போட்டு புடுங்க முடியாது, அது சண்டையில தான் முடியும். ஆனா கேக்கலாம். அசையாத காருக்காரங்க கிட்ட தனித்தனியா வீட்டுக்கு போய், மைக்ல வேண்டாம், பின் வரிசைக்கு மாத்திக்கறீங்களா, ஸ்லாட் உங்க பேர்லயே தான் இருக்கும், வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு கொடுங்க. ஸ்லாட்ட விட்டா உரிமை போயிடும்னு பயம் தான் அவங்களுக்கு, கார் மேல பாசம் கூட இரண்டாவது தான்.

அப்படி கிடைக்கற இடத்த என்ன பண்றதுன்னு இப்ப சொல்றேன், இது தான் முக்கியம். ஒரு ஸ்லாட் சாதாரணமா ரெண்டரை மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். சின்ன கார் 1.6 மீட்டர் அகலம் இருக்கும், மிச்சம் 90 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 45. அந்த 45 சென்டிமீட்டர்ல மூட்டு ஆபரேஷன் பண்ணவங்க கதவ பாதி தொறந்து, கால தூக்கி வெளிய வெச்சு, எதையாவது புடிச்சு எந்திரிக்கணும், வாக்கர வைக்க இடமே கிடையாது. ஊனமுற்றவங்களுக்கான ஸ்லாட் 3.6 மீட்டர் அகலம் இருக்கணும், வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள இருக்கணும்னு விதி இருக்கு, சீனியர் அபார்ட்மென்ட்ல அத ரெண்டு ஸ்லாட்டோட நிறுத்திக்காதீங்க. மூணு ஸ்லாட்ட ரெண்டாக்குங்க, அதாவது ஏழரை மீட்டர ரெண்டா பிரிச்சா ஆளுக்கு 3.75. எண்ணிக்கை குறையும், ஆனா எறங்க முடியும்.

அதவிட பெரிய விஷயம் வாசல்ல ஒரு போர்டிகோ. எங்க காம்பவுண்ட்ல இருக்கறவங்க பாதிப்பேர் டாக்ஸியிலயோ மகன் மகள் காரிலயோ தான் போறாங்க, அவங்களுக்கு ஸ்லாட்டே தேவையில்ல, மழை நனையாம அஞ்சு நிமிஷம் வண்டி நின்னு ஏத்தி எறக்குற இடம் தான் தேவை. கூரை வேணும், தரை வாசல் மட்டத்துக்கு படி இல்லாம இருக்கணும், புடிச்சு நிக்க ஒரு கம்பி, உக்கார கை வெச்ச ஒரு பெஞ்ச். அங்க யாரும் வண்டிய நிறுத்திட்டு மேல போகக்கூடாது. எங்க கட்டடத்துல ஒரு ராத்திரி ஆம்புலன்ஸ் வந்து போர்டிகோவுல ஒரு கார் நின்னதால ஸ்ட்ரெச்சர கேட்ல இருந்து தள்ளிட்டு வந்தாங்க, மழையில, வண்டிக்காரர் வீடு எதுன்னு செக்யூரிட்டி ஒவ்வொரு பெல்லா அடிச்சுட்டு இருந்தான். அந்த அம்மா பொழைச்சுக்கிட்டாங்க, ஆனா அந்த ராத்திரிக்கு அப்புறம் தான் எங்களுக்கு மஞ்சள் கோடு போட புத்தி வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு, அசையாத கார்ல சிலத ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா நிறுத்தலாம், சாவி செக்யூரிட்டி ரூம்ல இருக்கணும், கூட ஓட்டத்தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இருக்கணும். இதுலயே ஒரு பத்து இடம் கிடைச்சா ஆச்சரியமில்ல. காத்திருக்கற டிரைவருங்களுக்கு ஒரு நாற்காலி, குடிக்க தண்ணி, ஒரு பாத்ரூம் வெச்சு கொடுங்க, அவங்களும் மனுஷங்க, நிறைய இடத்துல வெயில்ல காருக்குள்ளயே ஏசி போட்டுட்டு உக்காந்திருக்காங்க.

பொதுவா ஒரு கார் வாங்கி எல்லாருக்கும் வாடகைக்கு விடலாமான்னு உங்க லெட்டர் கடைசியில கேட்டிருந்தீங்க. வெள்ளை போர்டு வண்டிய காசு வாங்கிட்டு ஓட்டினா சட்டப்படி தப்பு, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். அதுக்கு பதிலா ஒரு டாக்ஸிக்காரர்கிட்ட மாச கான்ட்ராக்ட் பேசி ஒரு மஞ்சள் போர்டு வண்டிய காம்பவுண்டுக்குள்ளயே நிறுத்த சொல்லுங்க, ஒரு ஸ்லாட் இலவசமா கொடுங்க. அந்த ஒரு ஸ்லாட் நாலஞ்சு அசையாத கார வெளிய அனுப்பிடும்.

கேள்வி (வாசகர், ஈரோடு): வயசு 68. லைசென்ஸ் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு, இப்ப தான் பாத்தேன். திரும்ப எல்எல்ஆர்ல இருந்து வரணுமா?

வேண்டாங்க. முடிஞ்ச தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள ரினியூவல் போட்டா டெஸ்ட் இல்ல, ஒரு வருஷம் தாண்டினா தான் ஓட்டி காட்டணும். டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிக்கங்க. 55 வயசுக்கு மேல 5 வருஷத்துக்கு தான் கொடுப்பாங்க. ஆனா ரினியூவல் கைக்கு வர்ற வரைக்கும் வண்டிய தொடாதீங்க, தேதி முடிஞ்சும் 30 நாள் ஓட்டலாம்னு முன்னாடி இருந்த சலுகை 2019 திருத்தத்துல போயிடுச்சு.

கேள்வி (வாசகி, திருப்பூர்): வீட்டுக்காரர் தவறி நாப்பது நாள் ஆச்சு. கார் அவர் பேர்ல. எனக்கு ஓட்டத்தெரியாது. அபார்ட்மென்ட்ல ஒருத்தர் "உங்களுக்கு எதுக்கு ஸ்லாட், எனக்கு கொடுத்துடுங்க"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டார். பையன் வித்துடலாம்ங்கறான். எனக்கு மனசு வரல.

அம்மா, மனசு வரலன்னா விக்க வேண்டாம், இப்போதைக்கு அது போதுமான காரணம். ஸ்லாட்டும் உங்கள்து தான், வீட்டோட சேந்தது, ஓட்டத்தெரியுமா தெரியாதாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கேட்டவர்கிட்ட பையன விட்டு ஒரு தடவ சொல்ல சொல்லுங்க, இந்த வருஷம் இதபத்தி பேச வேண்டாம்னு.

ஆனா பேப்பர் வேலை காத்திருக்காது. இறந்த 30 நாளைக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்க்கு தெரியப்படுத்தணும், அது தாண்டிடுச்சு, பரவால்ல, இந்த வாரமே போங்க. மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31ல உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். ஆர்சி புக், இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்துக்கங்க, வாரிசு சான்றிதழ் வர நாள் ஆகும், அதனால அத முதல்ல போட்டு வைங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் லெட்டர் கொடுங்க. நாளைக்கு விக்கறதா இருந்தாலும் உங்க பேருக்கு வந்தா தான் விக்க முடியும், வெச்சுக்கறதா இருந்தாலும் அப்படி தான், அதனால எந்த முடிவு எடுத்தாலும் இந்த வேலை வீணாகாது.

உங்கள மாதிரி இருக்கறவங்க எங்க காம்பவுண்ட்ல மூணு பேர் இருக்காங்க. ஒருத்தங்க கார அப்படியே வெச்சிருக்காங்க, வாரத்துக்கு ஒருநாள் ஆக்டிங் டிரைவர் வந்து மருதமலை அடிவாரம் வரைக்கும் கூட்டிட்டு போய்ட்டு வருவார், வீட்டுக்காரர் உக்காந்த சீட்டுக்கு பக்கத்து சீட்ல அவங்க எப்பவும் உக்கார்ற மாதிரியே உக்காந்து போறாங்க. அவங்க கார் வெளிய போற நாள்ல அந்த ஸ்லாட்ல யாரும் வண்டி நிறுத்தறதில்ல, யாரும் சொல்லல, அப்படியே வழக்கமாயிடுச்சு.

கேள்வி (வாசகர், சென்னை): ரெண்டு மாசம் பொண்ணு வீட்டுக்கு போறோம். காரு நின்ன எடத்துலயே நிக்கும். என்ன பண்ணிட்டு போகணும்?

பேட்டரி மைனஸ் வயர கழட்டிருங்க. டயர்ல காத்து கொஞ்சம் கூடவே அடிச்சு வைங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க, புடிச்சுக்கும், கியர்ல போட்டு சக்கரத்துக்கு கட்டை வைங்க. சீட்ல பிஸ்கட் தூள், கடலை தோல் ஒண்ணும் இல்லாம சுத்தம் பண்ணிருங்க, எலி வந்தா வயரிங் மொத்தமும் போயிடும். சாவிய செக்யூரிட்டி ரூம்ல கொடுத்துட்டு, வண்டிய வாசல் பக்கத்துல இல்லாம பின் வரிசையில நிறுத்திட்டு போங்க.